துடைப்பதற்கு முன் தண்ணீர்

பழுது என்று கண்ணாடிக் கடை மேசைக்கு வரும் கூலிங் கிளாஸ்களில் கீழே விழுந்து உடைந்தவை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் துடைத்துத் துடைத்தே மங்கிப்போனவை. வைத்திருந்தவரை அக்கறையில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. தூசி படிந்தபோதெல்லாம் சட்டை நுனியாலோ முந்தானையாலோ கைக்குட்டையாலோ விடாமல் துடைத்திருப்பார். லென்ஸைத் தேய்த்துக் கெடுத்தது அந்த அக்கறைதான். இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் வருத்தப்படுவார்கள். தினமும் சுத்தமாகத்தானே வைத்திருந்தேன் என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை. சுத்தம் செய்யும் வரிசையில்தான் பிழை இருக்கிறது. காய்ந்த லென்ஸின் மேல் காய்ந்த துணி படவே கூடாது. முதலில் தண்ணீர், அதன் பிறகே துணி. குளிர்கண்ணாடிப் பராமரிப்பு என்று இந்தத் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விதி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்தோ, லென்ஸ் எதனால் ஆனது என்பதிலிருந்தோ தானாகக் கிடைப்பவை.

இந்தப் பிழைக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ஒரு காலத்தில் லென்ஸ் நிஜமாகவே கண்ணாடியால் ஆனது. 1913 வாக்கில் வில்லியம் குரூக்ஸ் உலைத் தொழிலாளர்களின் கண்களைக் காக்க உருவாக்கிய நிற லென்ஸும் சரி, 1937-இல் பாஷ் அண்ட் லோம் நிறுவனம் கொண்டுவந்த ரேபான் ஏவியேட்டரின் பச்சை லென்ஸும் சரி, உருக்கி வார்த்த கண்ணாடிதான். அந்தப் பரப்பு கடினமானது. வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தாலும் வருஷக்கணக்கில் தாங்கும். நம் வீடுகளில் அரிக்கேன் விளக்கின் சிம்னியை விபூதி போட்டுத் துடைத்துப் பளபளக்க வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடியை நனைத்த செய்தித்தாளால் துடைத்தார்கள். இரண்டுமே பலன் தந்த முறைகள். அந்தக் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்கு அப்படியே வந்துவிட்டது, லென்ஸ்தான் மாறிவிட்டது. 1940-களில் அமெரிக்காவில் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் வந்தது. 1947-இல் ஆர்மர்லைட் நிறுவனம் அதைக் கொண்டு மூக்குக் கண்ணாடி லென்ஸ் செய்தது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெலும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகப் பாலிகார்பனேட்டை உருவாக்கினார்கள். இன்று கடைகளில் ‘ஃபைபர்’ என்று கேட்டு வாங்கப்படும் லென்ஸ்கள் பெரும்பாலும் இந்தப் பிளாஸ்டிக் வகைகளைச் சேர்ந்தவை. கண்ணாடியோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய பாதி. கீழே விழுந்தால் நொறுங்குவது அரிது, கண்ணில் சில்லு பாயும் பயம் குறைவு. இத்தனை நன்மைக்கும் ஈடாக நாம் இழந்தது பரப்பின் கடினத்தை. பாலிகார்பனேட் பலத்த அடியைத் தாங்கும். மணல் ஒட்டிய ஒரு கைக்குட்டையைத் தாங்காது.

துணிதான் கீறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதனால் மென்மையான துணி எது என்று தேடுகிறார்கள். கேள்வியே இடம் மாறியிருக்கிறது. துவைத்த பழைய பருத்தித் துணியின் இழை லென்ஸைக் கீறும் அளவுக்குக் கடினமானதில்லை. துணிக்கும் லென்ஸுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும் துகள்தான் கோடு போடுகிறது. தாதுக்களின் கடினத்தை அளக்க மோஸ் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5; பிளாஸ்டிக் லென்ஸ்கள் அதற்கும் வெகு கீழே. ஆற்று மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கருங்கல்லிலும் குவார்ட்ஸ் கணிசமாக உண்டு. இன்று தமிழ்நாட்டில் கட்டட வேலைக்குப் போகும் எம்-சாண்ட் அப்படிப்பட்ட கல்லை உடைத்துச் செய்வது. ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. உடைத்த கல்தூளின் முனைகள் அப்படியே கூராக நிற்கும். புறவழிச்சாலையில் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் கால் மணி நேரம் பைக் ஓட்டியவரின் லென்ஸில் படிந்திருப்பது இந்தத் தூள்தான். அதைக் கழற்றிக் காய்ந்த துணியால் வட்டமாகத் தேய்த்தால், கூரான குவார்ட்ஸ் முனையை மென்மையான பிளாஸ்டிக்கின் மேல் கைபலத்தோடு இழுக்கிறோம் என்று பொருள். எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஹெல்மெட்டின் முகமறைப்பும் பெரும்பாலும் பாலிகார்பனேட்தான். அதற்கும் இதே கதி.

நான் சொல்வது வெறும் ஊகமல்ல என்பதற்கு லென்ஸே சாட்சி. ஒரு பழைய கூலிங் கிளாஸை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அது எப்படிக் கெட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆழமான ஒற்றைக் கோடு, அதுவும் லென்ஸின் புடைத்த நடுப்பகுதியில் இருந்தால், லென்ஸ் தரையைப் பார்க்கும்படி மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டது, அல்லது பையில் சாவியோடு கிடந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படலம் உரிந்திருந்தால் வியர்வையும் எண்ணெயும் விளிம்பில் தங்கியிருந்தன. பரப்பு முழுவதும் திசையில்லாத நுண்விரிசல்கள் ஓடியிருந்தால் அது சூட்டின் வேலை. ஆனால் அடிக்கடி கண்ணில் படுவது வேறொன்று: மெல்லிய கோடுகள், ஆயிரக்கணக்கில், வளைந்து வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. துடைத்த விரல் எந்த வழியில் சுழன்றதோ அதே வழியில் அந்தக் கோடுகளும் சுழன்றிருக்கும். விரல் நன்றாக அழுத்தும் நடுப்பகுதியில் அடர்த்தியாகவும், விரல் நுழையாத மூலைகளில் அறவே இல்லாமலும் இருக்கும். தூசி லென்ஸ் முழுவதும் ஒரே சீராகத்தான் விழுகிறது. காற்றோ வெயிலோ காரணமாக இருந்தால் மூலைகளும் கெட்டிருக்க வேண்டும். மூலை புதிது போலவும் நடு மங்கியும் இருக்கிறது என்றால், கெடுத்தது துடைப்பு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உங்களிடம் இருக்கும் பழைய கண்ணாடியை இன்று மாலையே டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பாருங்கள்.

கழுவும் முறைக்கு வருகிறேன். குழாயை மிதமாகத் திறந்து, லென்ஸின் இரு பக்கமும் தண்ணீர் வழிந்து ஓடும்படி சில நொடிகள் காட்ட வேண்டும். இந்த நொடிகளில் விரல்கூடப் படக் கூடாது. மணலைக் கொண்டுபோவது ஓடும் தண்ணீரின் வேலை. பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு துளியை நனைந்த விரல்நுனியில் எடுத்து, லென்ஸ், மூக்கில் படும் நோஸ்பேட், விளிம்பு, காதில் மாட்டும் கம்பி எல்லாவற்றையும் மெதுவாக வருட வேண்டும். மறுபடி நன்றாக அலச வேண்டும். திரவ சோப்பு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டியிலும் தூளிலும் கறையைச் சுரண்டுவதற்கென்றே தாதுத்தூள் சேர்க்கப்பட்டிருக்கும். எவர்சில்வருக்கு அது நல்லது, லென்ஸுக்கு நஞ்சு. குளியல் சோப்பும் வேண்டாம். நம் ஊர்களில் பல குழாய்களில் வருவது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் குளியல் சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படலமாக லென்ஸில் அப்பிக்கொள்ளும். அதை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளும் விழும். ஆகவே அத்தகைய தண்ணீரில் கழுவுகிறவர்கள் கடைசி அலசலை மட்டும் குடிதண்ணீரில் செய்வது நல்லது. கால் டம்ளர் போதும். அலசிய பிறகு ஒரு தடவை உதறினால் பெரும்பாலான தண்ணீர் போய்விடும். எஞ்சிய துளிகளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இப்போது துடைத்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் கீறுவதற்குத் துகள் இல்லை. வெந்நீர் மட்டும் ஆகாது. அதன் காரணத்தைச் சூட்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

துணி பற்றி இவ்வளவு போதும்: மைக்ரோஃபைபர் நல்லதுதான். அதன் இழைகள் மிக மெல்லியவை. எண்ணெயையும் ஈரத்தையும் பருத்தியைவிட நன்றாக ஈர்த்துக்கொள்ளும். தூசியையும் அப்படியே உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். கண்ணாடி வாங்கும்போது இலவசமாகக் கொடுத்த துணியை இரண்டு வருஷம் துவைக்காமல் பையில் போட்டு வைத்துத் துடைப்பவர்கள் உப்புத்தாளால் துடைக்கிறார்கள் என்றே சொல்வேன். வாரம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் கையால் துவைத்து, நிழலில் உதறிக் காயவைத்தால் போதும். துணிக்கு மணமும் மென்மையும் தரும் கண்டிஷனர் சேர்க்கக் கூடாது, அது இழையில் எண்ணெய்ப் பசையாகத் தங்கி லென்ஸுக்கு மாறும். டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள், சாப்பாட்டுக் கடையின் நாப்கின் எல்லாம் மரக்கூழிலிருந்து வந்தவை. தாளுக்கு வெண்மையும் வழவழப்பும் வரச் சுண்ணத்தூளும் களிமண்ணும் சேர்ப்பதும் உண்டு. அவை லென்ஸுக்கு வேண்டாம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். என் கண்ணாடியில் ஸ்க்ராட்ச் கோட்டிங் இருக்கிறதே, கீறலே விழாது என்று சொல்லித்தானே கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். கோட்டிங் இருப்பது உண்மை. கீறலே விழாது என்பது விற்பனைப் பேச்சு. பிளாஸ்டிக் லென்ஸின் மேல் பூசப்படும் கடினப் படலத்தின் கனம் சில மைக்ரான்கள்தான். ஒரு தலைமுடியின் கனம் அதைப்போலப் பல மடங்கு. அதன் மேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் படலம் இருந்தால் அது இன்னும் மெல்லியது, மொத்தமாகவே ஒரு மைக்ரானுக்கும் குறைவு. 1935-இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா காப்புரிமை பெற்ற இந்தத் தொழில்நுட்பம், ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்குப் படலத்தின் கனத்தை வைப்பதில் நிற்கிறது. அந்தக் கனத்தில் சிறு தேய்மானம்கூட நிற மாற்றமாகக் கண்ணுக்குத் தெரியும். லென்ஸ் தயாரிப்பவர்கள் கோட்டிங்கின் உழைப்பை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தாலே அவர்கள் எதை எதிரியாக நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பேயர் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு தட்டில் லென்ஸை வைத்து, அதன் மேல் மணல் போன்ற கரகரப்பான துகள்களைக் கொட்டி, தட்டை முன்னும் பின்னும் ஆட்டி, பிறகு லென்ஸ் எவ்வளவு மங்கியது என்று அளப்பார்கள். கோட்டிங் இல்லாத சிஆர்-39 லென்ஸைவிட எத்தனை மடங்கு தாங்குகிறது என்பதே அதன் மதிப்பெண். மங்குமா என்பது அங்கே கேள்வியே இல்லை. எவ்வளவு தாமதமாக மங்கும் என்பதுதான் கேள்வி. கோட்டிங் உங்களுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. காய்ந்த துணி அந்த அவகாசத்தைச் செலவழிக்கிறது.

இன்னொரு எதிர்வாதத்துக்கு அதிக மரியாதை தர வேண்டும், ஏனென்றால் அது நடைமுறையிலிருந்து வருகிறது. வழியில் போகும்போது குழாய்க்கு எங்கே போவது? பேருந்து ஓட்டுநர், டெலிவரிக்குப் போகிறவர், வெயிலில் நின்று போக்குவரத்தைச் சீர்செய்யும் காவலர் ஆகியோரெல்லாம் ஒரு நாளில் எத்தனை முறை கழுவ முடியும்? முடியாதுதான், தேவையும் இல்லை. காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு முறையும் வீடு திரும்பியதும் ஒரு முறையும் கழுவினால் போதும். நடுவில் தூசி படிந்தால் பாட்டிலில் இருக்கும் குடிதண்ணீரைச் சிறிதளவு இரு பக்கமும் ஊற்றிவிட்டுத் துளிகளை ஒற்றி எடுக்கலாம். தண்ணீரே இல்லையென்றால் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதித் தட்டலாம். அதுவும் போதவில்லையென்றால் தூசியோடே விட்டுவிடுவது மேல். தூசி மாலையில் போய்விடும், கீறல் போகாது. கடையில் விற்கும் லென்ஸ் ஸ்பிரே நல்ல பொருள்தான். அதை இரண்டு பொட்டு அடித்து உடனே தேய்ப்பதில் பயனில்லை. துளிகள் ஒன்று சேர்ந்து வழிந்து ஓடும் அளவுக்கு அடிக்க வேண்டும். வாயால் ஊதி ஆவி படிய வைத்துத் துடைப்பது கைரேகையை எடுக்க உதவும், மணலை நகர்த்த அந்த ஈரம் போதாது. கை கழுவும் சானிடைசரை லென்ஸில் பூசுவது கொரோனா காலத்தில் பரவிய பழக்கம். அதில் ஆல்கஹாலோடு கையை மிருதுவாக்கும் பசையும் கலந்திருக்கும். பசை லென்ஸில் படலமாகும், ஆல்கஹால் ‘ஷெல்’ எனப்படும் பிளாஸ்டிக் ஃபிரேமின் பளபளப்பைக் குறைக்கும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அம்மோனியா கலந்த திரவம் பாலிகார்பனேட்டுக்கு ஆகவே ஆகாது.

தூசிக்கு அடுத்த பெரிய எதிரி சூடு. வெயிலில் போடுவதற்கென்றே செய்த பொருளுக்கு வெயில் எப்படி எதிரி ஆகும் என்று கேட்கலாம். முகத்தில் இருக்கும்போது அது எதிரியல்ல. காற்று படுகிறது, முகத்தின் சூட்டைத் தாண்டி அதிகம் ஏறுவதில்லை. காருக்குள் டாஷ்போர்டின் மேல் கிடக்கும்போதுதான் ஆபத்து. 2018-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியிருந்தது. வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்த எண் வியப்பாக இருக்காது. எங்கள் தொழிலில் இந்த எண்ணுக்குத் தனி அர்த்தம் உண்டு. ஷெல் ஃபிரேமை வாடிக்கையாளரின் காதுக்கு ஏற்றபடி வளைக்க அதைச் சூடான காற்றிலோ சிறு கண்ணாடி மணிகள் நிரப்பிய ஹீட்டரிலோ சூடாக்குவோம். ஃபிரேம் இளகி நம் கைக்கு வளைந்து கொடுப்பது ஏறக்குறைய இதே சூட்டில்தான். கடையில் அளவு பார்த்து வளைத்ததை டாஷ்போர்டு அளவு பார்க்காமல் வளைத்துவிடுகிறது.

ஃபிரேமை மறுபடி நிமிர்த்திவிடலாம், லென்ஸை முடியாது. சூடேறினால் பிளாஸ்டிக் விரிவடையும். பாலிகார்பனேட் சாதாரணக் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரிவடையக்கூடியது. அதன் மேல் இருக்கும் பிரதிபலிப்பைக் குறைக்கும் படலமோ உலோக ஆக்சைடுகளால் ஆனது. அது கண்ணாடியின் இனம், அவ்வளவு விரியாது. அடியில் இருப்பது விரியும்போது மேலே இருப்பது இழுபட்டு வெடிக்கிறது. முன்பு சொன்ன திசையில்லாத நுண்விரிசல்கள் இப்படித்தான் உண்டாகின்றன. வெந்நீரில் கழுவக் கூடாது என்பதற்கும், ஹேர் டிரையரால் காயவைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. போலரைஸ்டு லென்ஸுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எட்வின் லேண்ட் 1930-களில் உருவாக்கிய முறைப்படி, இழுத்து நீட்டிய பாலிவினைல் ஆல்கஹால் படலத்தில் அயோடினை ஏற்றித்தான் அந்த வடிகட்டியைச் செய்தார்கள்; இன்றும் அடிப்படை அந்தப் படலமே. தண்ணீருக்கும் சூட்டுக்கும் இளகும் அதை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்து ஒட்டுகிறார்கள். அப்படியானால் அதைக் கழுவவே கூடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஓடும் தண்ணீரில் அரை நிமிடம் அலசுவதால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் ஊறப் போடுவதும், கடல் நீரில் நனைந்ததை அப்படியே காயவிடுவதும்தான் விளிம்பு வழியாக அடுக்குகளைப் பிரிக்கும். ராமேஸ்வரத்துக்கோ மெரினாவுக்கோ போனால் திரும்பிய கையோடு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு படிகமான பிறகு அதுவும் கீறும் துகள்தான்.

நம் உடம்பும் நம் பழக்கங்களும் லென்ஸில் சேர்ப்பவை தனி. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. தாமிரம் கலந்த உலோக ஃபிரேம்களில் நோஸ்பேடைச் சுற்றிப் பச்சையாகப் பூப்பது அதனால்தான். ஷெல் ஃபிரேமின் காதுப்பகுதி வெளிறி வெள்ளை பூப்பதற்கும் வியர்வை துணை போகிறது; பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேறிவிடுகிறது. வேண்டாதபோது கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிவிடுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை: உள்பக்க லென்ஸ் முழுக்க எண்ணெய், எண்ணெயில் ஒட்டிய தூசி, தலையின் அகலத்துக்கு விரிந்து தளர்ந்த கம்பிகள். நெற்றியில் விபூதி இட்டுக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைக்கோலில் சிலிக்கா அதிகம். வைக்கோல் தின்னும் மாட்டின் சாணத்தை எரித்த சாம்பலிலும் அது எஞ்சுகிறது. சிம்னியைத் துலக்கிய திறன் அதற்கு அங்கிருந்துதான் வந்தது. அது லென்ஸில் உதிர்ந்திருந்தால் துடைக்காமல் கழுவுங்கள். முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனும், டீட் என்ற வேதிப்பொருள் உள்ள கொசுவிரட்டியும் பிளாஸ்டிக்கையும் கோட்டிங்கையும் பாதிக்கக்கூடியவை. அவற்றைப் பூசிய கையைக் கழுவிய பிறகே கண்ணாடியை எடுக்க வேண்டும். சென்ட் அடிப்பதும் அப்படியே, அடித்து முடித்த பின் கண்ணாடி.

ஃபிரேம் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒற்றைக் கையால் இழுத்துக் கழற்றினால் ஒரு பக்கத்துக் கீல் விரிந்து கண்ணாடி கோணிக்கொள்ளும். இரண்டு கையாலும் கழற்றுங்கள். துடைக்கும்போது எந்த லென்ஸைத் துடைக்கிறோமோ அதே பக்கத்து விளிம்பைப் பிடிக்க வேண்டும். இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கத்தைத் துடைத்தால் முறுக்கம் முழுவதும் மூக்கின் மேல் அமரும் இணைப்பில் ஏறுகிறது. ஃபிரேம் நடுவில் உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தளர்ந்த திருகை இறுக்கி, அதன் தலையில் ஒரு சொட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ் வைத்தால் சீக்கிரம் கழலாது. அதைத் துடைத்தெடுக்கும் ரிமூவர் மட்டும் அருகில் வரக் கூடாது, அதிலுள்ள அசிட்டோன் ஷெல் ஃபிரேமையே கரைத்துவிடும். கெட்டியான பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியையும் அவ்வப்போது கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே சேரும் மணல் அதே வேலையைச் செய்யும்.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது, அதுதான் அதிகம் கேட்கப்படுவதும்கூட. நடைபாதையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கியதற்கு இவ்வளவு உபசாரமா? கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே? பணக் கணக்கில் இது சரியாகத் தோன்றும். ஆனால் யாரும் முதல் கீறலில் மாற்றுவதில்லை. மங்கலான லென்ஸோடு மாதக்கணக்கில் வண்டி ஓட்டிவிட்டுத்தான் மாற்றுகிறார்கள். கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பவை. சூரியன் உச்சியில் இருக்கும்போது இது உறைக்காது. மாலையில் சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கி மேற்கே ஓட்டும்போது, தாழ்ந்த வெயில் நேராக லென்ஸில் விழ, ஒவ்வொரு நுண்கோடும் ஒளிர்ந்து, எதிரே ஒரு வெண்திரை எழும். குறுக்கே வரும் சைக்கிளும் சாலையோர மாடும் அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடும். கூசாமல் இருக்கப் போட்ட கண்ணாடி கூச்சத்தை உண்டாக்குகிறது. விலை குறைந்த லென்ஸுக்குப் பெரும்பாலும் கோட்டிங் இருக்காது. ஆகவே விலை குறையக் குறையக் கவனம் கூடுதலாகத்தான் வேண்டும்.

அதே நேரத்தில் கீறலைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு பயம் தேவையற்றது என்பதையும் சொல்ல வேண்டும். கீறல் விழுந்தால் அதன் வழியே புற ஊதாக் கதிர் உள்ளே புகுந்து கண்ணைக் கெடுக்கும் என்கிறார்கள். பாலிகார்பனேட் அந்தக் கதிர்களின் பெரும்பகுதியை இயல்பாகவே உறிஞ்சிக்கொள்ளும். தடுப்பு அதன் உடம்பு முழுவதும் இருக்கிறது, மேல்தோலில் மட்டுமல்ல. தடுக்கும் பொருளை உள்ளேயே கலந்து வார்த்த மற்ற லென்ஸ்களும் அப்படியே. மெல்லிய கீறலால் அந்தத் தடுப்பு போய்விடாது. லென்ஸை மாற்றச் சொல்வது பார்வை மங்குவதால்தான். கீறலை நீக்கப் பற்பசை தேய்க்கும் வைத்தியமும் வேண்டாம். பற்பசையில் பல்லைத் துலக்கும் தூள் இருக்கிறது. அது ஒரு கீறலை மறைக்க, சுற்றியிருக்கும் கோட்டிங்கை எல்லாம் தேய்த்து மங்க வைத்துவிடும். விழுந்த கீறலை வீட்டில் எடுக்க வழியில்லை. ஃபிரேம் நன்றாக இருந்தால் லென்ஸை மட்டும் மாற்றித் தரும்படி கடையில் கேளுங்கள், பெரும்பாலான ஃபிரேம்களில் அது முடிகிற வேலைதான்.

தொழிலில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கண்ணாடியை விற்றுப் பெட்டியோடு ஒரு துணியையும் போட்டுக் கொடுத்தால், துணியால் துடை என்றுதான் வாங்குபவர் புரிந்துகொள்கிறார். கடையில் ஒரு கை கழுவும் தொட்டி எப்படியும் இருக்கும். புதுக் கண்ணாடியை அவர் கையில் கொடுப்பதற்கு முன் அவர் பார்க்க ஒரு முறை கழுவிக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பில்லில் லென்ஸ் சிஆர்-39-ஆ பாலிகார்பனேட்டா, எந்தப் பக்கம் என்ன கோட்டிங் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களே, எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.